காற்று அடங்கியது, தண்ணீர் கிளம்பியது

போன வாரம் உங்களை நாகப்பட்டினம் துறைமுகத்தில், கொட்டும் மழையில், அபாயக் கூண்டுக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாள் நனைந்தது போதும். வாருங்கள், உள்ளே போவோம். ஏனென்றால் இந்த வாரம் புயலும் உள்ளேதான் வருகிறது.

1977 நவம்பர் 12. விடியவில்லை. மணி நான்கு.

நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே, பத்து கிலோமீட்டருக்குள், புயலின் மையம் கரை ஏறியது.

கடற்கரையில் என்ன நடந்தது என்று இந்தப் புயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் இன்று உங்களை வேறு ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். கடலே கண்ணில் படாத ஊர். கடற்கரையிலிருந்து நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, தஞ்சாவூர் சாலையில், திருவெறும்பூருக்கு முன்னால் இருக்கும் காட்டூர். அங்கிருந்து மேற்கே போனால் அரியமங்கலம், அப்புறம் திருச்சி நகரம், காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம்.

அந்த ஊர்க்காரர்களுக்கு அன்று ஒரு தைரியம் இருந்தது. நியாயமான தைரியம்தான். புயல் என்பது கடற்கரைக்காரனின் கவலை. கரை ஏறினால் புயல் செத்துப்போகும். நமக்கு மிஞ்சுவது நல்ல மழை. சம்பாவுக்கு ஆகும்.

அந்த நம்பிக்கையோடுதான் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்காத ஓர் இடம் இருந்தது. திருச்சி விமான நிலையத்து வானிலை நிலையம்.

வானிலைக்காரர்களின் அன்றாடம் எப்படிப்பட்டது என்று இந்தத் தொடரில் முன்பே பார்த்திருக்கிறோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. விடிகாலை ஐந்தரை, காலை எட்டரை, பதினொன்றரை என்று நாள் முழுக்க. வெள்ளையடித்த மரப்பெட்டியைத் திறந்து வெப்பமானிகளைப் பார்க்க வேண்டும். பாரோமீட்டரைப் படிக்க வேண்டும். மேகத்தை அண்ணாந்து பார்த்து, வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று கணிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஐந்து ஐந்து இலக்கங்களாகக் கட்டி, எண்களாகவே சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு சொல்லும் கிடையாது. "பயமாக இருக்கிறது" என்று எழுத அதில் கட்டமே இல்லை.

இப்போது அந்த நான்கு மணிக்கு வருவோம்.

பாரோமீட்டர் இறங்குகிறது.

இதில் என்ன அதிசயம்? நம்மூரில் விடிகாலை நான்கு மணிக்குப் பாரோமீட்டர் எப்போதும் இறங்கித்தான் இருக்கும்! கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதைப் போலக் காற்றுக்கும் உண்டு. காலை பத்து, இரவு பத்து வாக்கில் அழுத்தம் ஏறி நிற்கும். விடிகாலை நான்கு, மாலை நான்கு வாக்கில் இறங்கி நிற்கும். குளிர் நாடுகளில் இது கண்ணுக்கே தெரியாது, அங்கே வானிலை தினமும் குதித்துக்கொண்டிருக்கும். வெப்ப நாடுகளில் தினமும் தவறாமல் நடக்கும். அதைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் என்று அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகள் வியந்திருக்கிறார்கள்.

ஆகவே நான்கு மணிக்கு ஊசி இறங்குவது செய்தியே இல்லை. அனுபவம் இல்லாதவன் இதைப் பார்த்துப் பதறுவான். அல்லது, இதைவிட மோசம், "வழக்கம்தானே" என்று விட்டுவிடுவான்.

பழகிய கை என்ன செய்யும் தெரியுமா? நேற்று இதே நான்கு மணிக்கு எவ்வளவு இருந்தது என்று பதிவேட்டைப் புரட்டும். இன்றைக்கும் நேற்றைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கும். தினசரி ஏற்றவற்றம் இரண்டு பக்கமும் கழிந்துவிடும். மிச்சம் இருப்பதுதான் புயல்.

இருபத்து நான்கு மணி நேர அழுத்த மாறுபாடு. நூற்றாண்டாக இந்தக் கரையில் புயலைப் பிடித்துக் கொடுத்த கணக்கு இதுதான். 1973 முதல் சென்னையில் புயலைக் காணும் ராடார் இருந்தது. மேலே பறந்துபோகும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் நாளுக்கு ஓரிரு படம் அனுப்பின. நம்முடைய சொந்த இன்சாட் வானில் ஏற இன்னும் ஐந்து ஆண்டு பாக்கி. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருந்த நீண்ட மணிகளை நிரப்பியது இந்தப் பழைய கழித்தல் கணக்கு.

அடுத்தது காற்று. அதற்குக் கருவிகூட வேண்டாம். காட்டூரில் வாசல் கதவைத் திறந்தாலே போதும்.

நம் பக்கத்துப் புயல்கள் எல்லாம் இடம்புரியாகச் சுழல்பவை. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் புயலின் மையம். மையம் கிழக்கே தஞ்சாவூரில் இருந்தால், காட்டூரில் காற்று வடக்கிலிருந்து வரும். மையம் நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் ஏறும். பிறகு அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். வடக்குக் காற்று கிழக்கே திரும்பினால் புயல் உங்களுக்குத் தெற்கே போகிறது. மேற்கே திரும்பினால் வடக்கே போகிறது.

திரும்பாமலே ஏறிக்கொண்டிருந்தால்?

நேராக உங்கள் மேல் வருகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து மேற்கே கிளம்பிய புயல் தஞ்சாவூரைத் தொட்டது. சாகவில்லை.  அன்று காலை தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மூன்று ஊர்களிலும் பதிவான காற்றின் வேகம் என்ன தெரியுமா?

மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர்.

கடற்கரையில் அல்ல. நட்ட நடு நாட்டில்!

இந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். அறுபது கிலோமீட்டர் வேகக் காற்று ஆடிமாதத்தில் நாம் பார்த்ததுதான், ஓலை பறக்கும், புழுதி கிளம்பும். 120 என்றால் அதைப்போல இரண்டு மடங்கு என்றுதானே தோன்றும்? இல்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் அது சுவரின் மேல் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆடிக்காற்றைத் தாங்கிய கூரை, ஆடிக்காற்றைத் தாங்கிய வாழை, ஆடிக்காற்றைத் தாங்கிய மின்கம்பம் எல்லாம் நான்கு மடங்கின் முன்னால் நின்றன. காவிரிக் கரை வாழைத் தோட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தார் போட்ட வாழைக்குத் தலை கனம், வேர் மேலாக. ஒரு மரம் சாயும்போது பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டுதான் சாயும்.

ஏன் இந்தப் புயல் கரை ஏறியும் சாகவில்லை?

புயலின் உயிர் வெதுவெதுப்பான நீர். கடலிலிருந்து ஆவி ஏறுகிற வரைக்கும் அது சுழலும். நிலத்தில் ஏறினால் ஆவி கிடைக்காது, மலையிலும் மரத்திலும் உராய்ந்து வேகம் குறையும். இதுதான் பாடம். ஆனால் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? மலை ஒன்றும் கிடையாது. மேசைப் பலகை மட்டம். அதிலும் அது நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை பெய்து, வாய்க்கால் நிரம்பி, வயலெல்லாம் சம்பாப் பயிரோடு தண்ணீர் நிற்கிற மாதம். கரை ஏறிய புயலுக்குக் கடல் முடிந்ததாகவே தெரியவில்லை! நனைந்து ஊறிய வெதுவெதுப்பான நிலம் புயலுக்குக் கொஞ்ச நேரம் தீனி போடும் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் டெல்டாவை ஒரு முறை நவம்பரில் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும்.

எட்டரை மணி. மழைமானியைப் பார்க்கும் நேரம். இந்தியா முழுக்க ஒரு நாளின் மழை காலை எட்டரைக்குத்தான் கணக்கு முடிக்கப்படும். அன்று காலை ஆபீஸ் உண்டா, பஸ் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. மரங்கள் சாலையில். மின்சாரம் போயிற்று. தந்திக் கம்பிகள் தரையில்.

துறைமுகக் கூண்டுகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஒன்றிலிருந்து பதினொன்று வரை. பத்தாம் எண்ணைப் பார்த்துத்தான் மக்கள் நடுங்குவார்கள். எனக்கு அதைவிடப் பயம் தருவது பதினொன்று. பத்து என்றால் "பெரும் புயல் உன் மேல் வருகிறது". பதினொன்று என்றால் "வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி நிலைமை மோசம் என்றே எடுத்துக்கொள்". அப்படி ஒரு கூண்டு உள்நாட்டு ஊர்களுக்குக் கிடையாது. இருந்திருந்தால் அந்தப் பொழுது திருச்சிக்கு அதைத்தான் ஏற்றியிருக்க வேண்டும்.

பிறகு காற்று அடங்கியது.

மையம் மேற்கே நகர்ந்துவிட்டது. மனிதர்கள் வெளியே வந்தார்கள். பறந்துபோன தகரத்தைத் தேடினார்கள். சாய்ந்த மரத்தில் சிக்கிய ஆட்டை அவிழ்த்தார்கள். மூச்சு விட்டார்கள்.

புயல் போய்விட்டது!

ஒவ்வொருவரும் அதைத்தான் சொன்னார்கள். அதில் பிழை எதுவும் இல்லை. புயல் போய்த்தான்விட்டது.

ஆனால் அது எங்கே போனது?

இங்கே ஒரு நிமிடம் நின்று, திருச்சிக்காரரின் மனசை எட்டிப் பாருங்கள். தண்ணீர் என்றால் அவர் எந்தப் பக்கம் திரும்புவார்? வடக்கே. காவிரி. அதற்கும் வடக்கே கொள்ளிடம். 1924 பெருவெள்ளத்தின் கதையைத் தாத்தாக்கள் மடியில் கேட்டு வளர்ந்த ஊர். அந்த வெள்ளத்தைக் கணக்கில் வைத்துத்தான் மேட்டூர் அணையின் உபரிநீர்ப் போக்கியே வடிவமைக்கப்பட்டது. ஆகவே ஆபத்து வந்தால் பொதுப்பணித்துறைப் பொறியாளரும் லஸ்கர்களும் ஓடுவது முக்கொம்புக்கும் காவிரிக் கரைக்கும். வந்த தண்ணீரைக் கொள்ளிடத்தில் தள்ளு. காவிரிக் கரையைக் காப்பாற்று. ஸ்ரீரங்கத்தைக் காப்பாற்று. தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடம். அந்த மனிதர்களின் கடமை உணர்ச்சியில் நான் ஒரு குறையும் காணவில்லை.

அன்று ஊர் முழுக்க வடக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் தெற்கிலிருந்து வந்தது.

கோரையாறு. வெளியூர் வாசகர்கள் பலர் இந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். மணப்பாறை, விராலிமலைப் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து இறங்கி வரும் காட்டாறு. ஆண்டில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். அதில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளை நீங்கள் பார்க்கலாம். அதற்கு அணை இல்லை. அன்றைக்கு அதன் நீர்மட்டத்தை மணிக்கு மணி அளந்து சென்னைக்குச் சொல்லும் ஏற்பாடும் இல்லை. காவிரிக்கு ஆயிரம் கண்கள். கோரையாற்றுக்கு ஒரு கண்ணும் கிடையாது.

புயல் கொண்டுவந்த மழை அந்த மேட்டு நிலங்களில் இறங்கியது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், கையோடு வாருங்கள். நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் நூறு மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். அதாவது பத்து சென்டிமீட்டர், புயல் மழைக்கு அது சாதாரணம். ஒரு கோடி கன மீட்டர் தண்ணீர். நமக்குப் பழகிய கணக்கில், ஏறத்தாழ மூன்றில் ஒரு டி.எம்.சி. வறண்ட மண் என்றால் பாதியைக் குடித்திருக்கும். ஏற்கெனவே ஊறிப்போன மண் எதைக் குடிக்கும்? அத்தனையும் பள்ளம் தேடி ஓடும். வழியில் ஏரிகள். மேல் ஏரியின் கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமாகக் கீழ் ஏரியில் விழும். கீழ் ஏரி அதைத் தாங்குமா? அதுவும் உடையும். மழை நிற்கலாம், காற்று நிற்கலாம். ஏரிகள் உடைய ஆரம்பித்தால் அது தனிக் கதை.

இனி, உய்யக்கொண்டான். காட்டூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வாய்க்கால், அவர்கள் ஊர்ப்பக்கமாகத்தான் அது கிழக்கே போகிறது. சோழர் காலத்து வேலை, ராஜராஜனின் பட்டப்பெயர் தாங்கியது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்துக்குள் நுழைந்து, அரியமங்கலம், திருவெறும்பூர் வழியாக வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். அது மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. தெற்கிலிருந்து வடக்காக இறங்குகிற காட்டாறுகளோ அதன் விலாவில் வந்து மோதுகின்றன. கோரையாறும் புத்தூர்ப் பக்கம் அப்படித்தான் வந்து சேர்கிறது. சாதாரண நாளில் அதிகத் தண்ணீர் கலிங்கைத் தாண்டிக் குடமுருட்டியாகக் கிளம்பிக் காவிரியில் போய் விழுந்துவிடும். ஊருக்குச் சிரமம் இல்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நீர்ப்பாசனக்காரர்கள் வழி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. குடமுருட்டி போய்ச் சேரும் இடத்தில் காவிரி தாழ்ந்திருக்க வேண்டும்.

காவிரியே பொங்கி வந்தால்?

வந்த தண்ணீருக்கு வாசல் அடைபடும்.

மேட்டூர் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். இதுதான் வடகிழக்குப் பருவத்துப் புயலின் சூழ்ச்சி. மேட்டூர் அணை தடுப்பது தன் தலைக்கு மேலே பெய்த மழையை. இந்த மழை பெய்தது அணைக்குக் கீழே. பழனி மலைச் சாரலில், சிறுமலைப் பக்கம், திண்டுக்கல், கரூர்ச் சீமையில். கிழக்கிலிருந்து வந்த ஈரக் காற்று மலையில் ஏறக் கொட்டித் தீர்த்துவிட்டது. அந்தத் தண்ணீர் அமராவதியில் இறங்கும். அமராவதி கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கும். காவிரி திருச்சிக்கு வரும். நடுவில் மேட்டூரைப் போல் தேக்கிவைக்க எதுவும் இல்லை.

அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இங்கே நடந்தது விளங்கும்.

வேடசந்தூருக்குப் பக்கத்தில் அழகாபுரி. அமராவதியில் போய்ச் சேரும் குடகனாற்றின் குறுக்கே ஒரு மண் அணை.  தண்ணீர் வெளியேற ஐந்து ஷட்டர்கள். அந்த நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அணை ஊழியர்கள் தாமதிக்கவில்லை. ஷட்டரைத் தூக்க விசையைப் போட்டார்கள். தூக்கிக்கொண்டிருக்கும்போதே —

மின்சாரம் போய்விட்டது.

ஷட்டர்கள் பாதியில் நிற்கின்றன. தண்ணீர் நிற்கவில்லை. ஜெனரேட்டரை ஓட்டப் பார்த்தார்கள். அதுவும் கைகொடுக்கவில்லை. பிறகு கையாலேயே சுற்ற ஆரம்பித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். மழை. கீழே மதம் பிடித்த தண்ணீர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஷட்டர் விரற்கடை அளவுதான் உயரும். தண்ணீர் அதைவிட வேகமாக ஏறுகிறது. கையை விட்டுவிட்டு ஓடினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சுற்றினார்கள். கீழே ஊர்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

தோற்றார்கள்.

தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்தது. மண் அணையின் தலைமேல் தண்ணீர் வழிந்தால் அதற்குப் பிறகு அணை கிடையாது. பின்பக்கச் சரிவு அரித்தது. ஓர் இடத்தில் இருபது மீட்டர், இன்னோர் இடத்தில் இருநூறு மீட்டர் என்று கரை பல இடங்களில் பிய்ந்துகொண்டு போயிற்று.

காற்று சாய்த்த மின்கம்பங்கள் அந்த மாவட்டங்கள் முழுக்க எத்தனையோ. அதனால் என்ன ஆகும் என்று எந்த வானிலை அறிக்கையும் சொல்வதில்லை. 120 கிலோமீட்டர் காற்று என்று எழுதினால், அதற்குள்ளேயே "உங்கள் ஷட்டர் நின்றுபோகும்" என்பதும் இருக்கிறது. அதை அவிழ்த்துப் படிக்க அன்று ஆள் இல்லை. அணைக்காரருக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை, வானிலைக்காரருக்கு ஷட்டரைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. எனக்கு இதுதான் அந்த நவம்பரின் ஆறாத புண்.

திருச்சிக்குத் திரும்புவோம்.

தெற்கே கோரையாறு கரை புரள்கிறது. வடக்கே காவிரி வழி விட மறுக்கிறது. நடுவில் உய்யக்கொண்டான் எத்தனை தாங்கும்?

கரை உடைந்தது.

உறையூர், புத்தூர், வயல்களாக இருந்த இடத்தில் எழுந்த தில்லைநகர். வீதிகள் ஆறுகள் ஆயின. காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முதுகுப் பக்கமாக வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தது.

உறையூரில் நெசவாளர்கள் அதிகம். குழித்தறியைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டுத் தரையில் பள்ளம் தோண்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார்கள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தாலே முதலில் நிறைவது அந்தக் குழிதான். "மேட்டுக்கு ஓடுங்கள்" என்று சொல்வது சுலபம். தறியில் ஏற்றிய பாவு கடனுக்கு வாங்கிய நூல். அது நனைந்து அழுகினால் மறுபடி நூல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அதனால் ஒரு நெசவாளி முதலில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தான் நிற்பான். பாவை அறுத்துச் சுருட்டிப் பரணில் ஏற்றுவான். அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வரும். எச்சரிக்கையைக் கேட்டும் மனிதர்கள் ஏன் கிளம்புவதில்லை என்று அதிகாரிகள் ஆச்சரியப்படும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாவுதான் நினைவுக்கு வரும்.

இந்த ஒரு புயலில் தமிழகத்தில் இறந்தவர்கள் 560 பேர். வீடிழந்தவர்கள் பத்து லட்சம். செத்துப்போன கால்நடைகள் 23,000. சேதம் 155 கோடி ரூபாய், அன்றைய ரூபாயில். எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வினை இல்லை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் கமில் என்ற புயல். மிசிசிப்பிக் கரையில் ஏறியது. எல்லாரும் கடற்கரைப் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். புயல் இளைத்து, பெயர் மறந்து, உள்ளே நடந்துபோய், இரண்டு நாள் கழித்து வர்ஜீனியா மலைகளில் ஓர் இரவு கொட்டியது. தூங்கிக்கொண்டிருந்த மலைக்கிராமங்களில் நூற்றைம்பது பேருக்கு மேல் போனார்கள். அங்கேயும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: எங்கே கரை ஏறும்?

கரை ஏறிய பிறகு என்ன செய்யும்?

இந்த இரண்டாவது கேள்விக்கு நம் எச்சரிக்கை முறையில் ஓர் இடம் கிடைக்க 1999 வரை ஆயிற்று. அதற்கு முன் இரண்டு படி எச்சரிக்கைதான் இருந்தது. அந்த ஆண்டு அது நான்கு படியானது. அதில் நான்காவது படி என்ன தெரியுமா? புயல் கரை ஏறுவதற்கு முன்பே, ஏறிய பின் எந்தப் பக்கம் போகும், உள் மாவட்டங்களில் என்ன செய்யும் என்று சொல்வது. இப்போது அது வரும்போது தொலைக்காட்சிக்காரர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். திருச்சி, புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் வாசகர்களே, உங்களுக்காக எழுதப்படும் பத்தி அதுதான். அதை மட்டுமாவது கடைசி வரை கேளுங்கள்.

2018 நவம்பரில் கஜா வந்தது நினைவிருக்கும். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறியது. திருச்சிப் பக்கம், திண்டுக்கல், கொடைக்கானல் என்று அதே பழைய பாதையில் நடந்து அரபிக்கடலில் இறங்கியது. நாற்பத்தொரு ஆண்டுக்குப் பிறகு அதே மாதம், அதே வழி! இந்த முறை எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை. மனிதர்களில் மிகப் பலரைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் கோரையாறு? 2005 நவம்பரிலும் திருச்சி மூழ்கியது, அதற்குப் பிறகுதான் கரைகளை உயர்த்தும் வேலைகள் சூடு பிடித்தன. அந்தக் கதைக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்போது 1977-ஐ விட்டு விலக எனக்கு மனம் இல்லை. ஏனென்றால் நம் புயல் இன்னும் சாகவில்லை.

நவம்பர் 13 காலை. திருச்சியில் கூரைமேல் நிற்கும் மனிதர்கள் படகுக்குக் கை காட்டுகிறார்கள். அதே நேரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாண்டி, வட கேரளக் கரைக்கு அப்பால், அந்தச் சுழல் கடலில் கால் வைக்கிறது. மலை ஏறி இறங்கிய களைப்பு. ஆனால் எதிரே அரபிக்கடல். வெதுவெதுப்பான புதுத் தண்ணீர்.

அது மறுபடி மூச்சு வாங்கத் தொடங்கியது.

திரும்பி வருமா? எந்தக் கரைக்கு? சென்னையில் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தவர்கள் மேற்கே கண்ணைப் பதித்தார்கள்.

அப்போது கிழக்கே, வங்கக் கடலில், அதே வாரம், இன்னொரு சுழி.

முதலில் சின்னது. பிறகு அப்படி இல்லை. தீபகற்பத்தின் இரண்டு பக்கமும் இரண்டு புயல்கள். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. கிழக்கே இருந்தது தமிழகத்தை நோக்கி வரவில்லை. வடக்கே, கிருஷ்ணா ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த திவிசீமைத் தீவை நோக்கி நகர்ந்தது. அங்கே ஆயிரக்கணக்கான மக்கள் அறுவடையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கடல் ஐந்து மீட்டர் உயரத்துக்கு எழுந்து வரப்போகிறது என்று யார் சொல்வது? சொன்னார்களா? சொன்னதை யார் கேட்டார்கள்?

நவம்பர் 19 பிற்பகல். அடுத்த வாரம் அங்கே சந்திப்போம்.

(தொடரும்)